டி = டேன்(தீட்டா/2) என்று வைத்தால் ஒரு விடை காணாமல் போகிறது, ஏன்?

தண்டையார்பேட்டை டியூஷன்:
சாயங்காலத்தில் பதினொன்றாம் வகுப்புப் பசங்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். சைன் தீட்டா − காஸ் தீட்டா = 1, 0° முதல் 360° வரை தீர்க்கச் சொன்னேன். ஒருத்தன் டி = டேன்(தீட்டா/2) என்று வைத்துப் போட்டான், 90° மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்தவன் வர்க்கப்படுத்திப் போட்டு, வேண்டாததைக் கழித்துவிட்டு, 180°-ம் உண்டு என்கிறான். போட்டுப் பார்த்தால் 0 − (−1) = 1, சரிதான். முதல் பையனின் படிகளில் தப்பே தெரியவில்லை. முற்றொருமை எல்லாக் கோணத்துக்கும் பொருந்தும் என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம், அப்ப 180° எங்கே போச்சு?

வியாசர்பாடி வாத்தியார்:
பையன் மேல் தப்பில்லை சார், டி என்று வைத்த முதல் வரியிலேயே 180° வெளியே போய்விட்டது. அதில் பாதி 90°, அங்கே காஸ் பூஜ்யம், டேனுக்கு மதிப்பே கிடையாது. கொருக்குப்பேட்டையில் நிற்காத வண்டியில் ஏறிவிட்டு ஸ்டேஷன் ஏன் வரவில்லை என்று கேட்கிற கதைதான். "எல்லாக் கோணத்துக்கும்" என்பதை "இரண்டு பக்கமும் மதிப்பு இருக்கிற எல்லாக் கோணத்துக்கும்" என்று மாற்றிச் சொல்லிக்கொடுங்கள். 1 + டேன்² = செக்² என்பதில் 90°-க்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே விழும், அதனால் தொல்லை இல்லை. சைன் தீட்டா = 2டி/(1+டி²) அப்படி இல்லை, 180°-ல் இடது பக்கம் ஒழுங்காக 0, வலது பக்கத்தில் போட எண்ணே இல்லை. விடை தொலைவது இந்த மாதிரி இடத்தில்தான்.

அவன் நோட்டைப் பாருங்கள், காஸ் தீட்டா = (1 − டி²)/(1 + டி²) என்பதையும் போட்டு, 1 + டி²-ஆல் பெருக்கி, 2டி − (1 − டி²) = 1 + டி² என்று எழுதியிருப்பான். டி² இரண்டு பக்கமும் அடிபட்டு 2டி = 2 ஆகிவிடுகிறது. இருபடியாக இருக்க வேண்டியது ஒருபடியாகச் சுருங்கினால் உடனே 180°-ஐக் கையால் போட்டுப் பார்க்கணும். அ சைன் + ஆ காஸ் = இ வகைக் கணக்கில் டி² அடிபடுவதும் 180° விடையாக இருப்பதும் ஒன்றேதான், இரண்டுக்கும் நிபந்தனை இ = −ஆ.

ராயபுரம் பையன்:
அண்ணா, டேன் 90°-ஐ முடிவிலின்னு வச்சிக்கினா முடிஞ்சுதே?

வியாசர்பாடி வாத்தியார்:
எந்த முடிவிலி தம்பி? டேன் 89.9° சுமார் 573, டேன் 90.1° சுமார் −573. இந்தப் பக்கம் மேலே, அந்தப் பக்கம் கீழே. எல்லை எடுத்தால் 2டி/(1+டி²) பூஜ்யத்துக்கே போகும், அது சரி, ஆனால் எல்லை வேறு, பிரதியிடுவது வேறு. கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில் டேன்(பை/2), அதாவது டேன் 90°, கேட்டால் சுமார் 1.6 × 10¹⁶ என்று ஒரு பெரிய எண்ணைக் கொடுக்கும், பை/2-ஐ அதால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாததால் வருகிற எண் அது, அதை நம்பிவிடாதே.

பெரம்பூர் எம்.எஸ்சி.:
இந்தக் கணக்குக்கு டி-யே வேண்டாம். √2-ஆல் வகுத்தால் சைன்(தீட்டா − 45°) = 1/√2. தீட்டா − 45° என்பது 45° அல்லது 135°. 90°, 180° இரண்டும் வந்துவிடும்.