டொல்பின் வானின் முன்பக்கத்தை உயர்த்த வழி தேவை

திருகோணமலையில் இருக்கிறேன். வான் டொயோட்டா ஹையேஸ் டொல்பின், எல்எச்113, டீசல், பின்சில்லு இழுவை. போன வருஷம் கட்டில், 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கேஸ் அடுப்பு எல்லாம் பூட்டி கேம்பர் ஆக்கினேன். அன்றிலிருந்து அடி தட்டுகிறது. குச்சவெளிப் பக்கம் கடலுக்கு இறங்கும் மணல் பாதையில் நடுத்திட்டு உரசி, சைலன்சர் கொக்கி இரண்டு முறை அறுந்துவிட்டது.

பின்பக்கம் சரி. லீப் ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூட்டி 2 அங்குலம் எடுத்தாச்சு. மணலில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்குவதால் புதைவதும் குறைந்துவிட்டது. பெரிய டயர் யோசித்தேன். விட்டம் 1 அங்குலம் கூடினாலும் உயரம் அரை அங்குலம்தான், விட்டுவிட்டேன்.

முன்பக்கம்தான் பிரச்சினை. மூன்று மாதத்துக்கு முன் டோர்ஷன் பார் (முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்ட்டை இறுக்கி ஒன்றரை அங்குலம் உயர்த்தினோம். அப்புறம் சின்னக் குழியிலும் மேல் ஆம் (சில்லைப் பிடித்திருக்கும் மேல் கை) றப்பரில் 'டக்' என்று அடிக்கிறது. அலைன்மென்ட் இரண்டு தரம் செய்தும் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது, தடவினால் அரம் மாதிரி.

மாரி தொடங்க முன் முடிக்க வேண்டும். பிள்ளைகளோடு போகும் வான், ஸ்டியரிங் விஷயத்தில் பரீட்சை பார்க்க மனமில்லை. இதே மொடலில் டோர்ஷன் பாரைப் பழைய நிலைக்கு விட்டு, போல் ஜொயின்ட் ஸ்பேசர் (ஆமுக்கும் அதன் மூட்டுக்கும் இடையில் வைக்கும் துண்டு) போட்டு உயர்த்தியவர்களுக்கு சில்லின் சாய்வு சரியாக வந்ததா?