'லாரி வரலாம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

களக்காட்டுக்காரன் கேட்டது:

களக்காட்டில் ஒரு வாழைத்தார் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரு வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்புவதும் என் பொறுப்பு. சென்ற ஐப்பசியில் மழை விடாமல் பெய்ததால், லாரி திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தாலும் சேரும், ஒரு நாள் தள்ளினாலும் தள்ளும் என்ற நிலை. அதைச் சொல்வதாக நினைத்து, 'தி லோடு கேன் ரீச் ஆன் மண்டே' என்று எழுதினேன். அங்கே சரக்கு வாங்கும் வியாபாரி அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு, விடியற்காலையிலேயே இறக்குகூலிக்கு எட்டு ஆட்களை வரவழைத்துக் காத்திருந்திருக்கிறார். லாரி செவ்வாய்க்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. அந்த வீண்கூலியை எங்கள் கணக்கில் கழித்துவிட்டார். "வரலாம் என்றுதானே எழுதினாய்?" என்று மண்டி அண்ணாச்சி கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

'வரலாம்' என்பதற்குக் கேன், மே, மைட், குட் ஆகியவற்றுள் எது சரி? இன்னொரு ஐயமும் உண்டு. 'டூ தி அரேஞ்ச்மென்ட்ஸ்', 'புட் தி பில்', 'கிவ் எ கம்ப்ளெயின்ட்' என்று நான் எழுதுவதையெல்லாம் அந்த வியாபாரி திருத்தி அனுப்புகிறார். எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினை சேரும் என்பதற்கு விதி ஏதும் உண்டா?

பொருநைக்கரை ஆசிரியர் எழுதியது:

தம்பி, பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். இந்தத் தவற்றை ஆண்டுதோறும் விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன். இதற்குக் காரணம் நம் 'லாம்' விகுதி சுமக்கும் பாரம்தான். 'நீ போகலாம்' என்றால் அனுமதி, 'ரயிலில் போகலாமே' என்றால் யோசனை, 'மழை வரலாம்' என்றால் வாய்ப்பு. எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே விகுதி போதும். ஆங்கிலம் வாய்ப்பை மட்டுமே இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

மார்கழியில் தாமிரபரணியில் வெள்ளம் வரலாம் என்று பொதுவாகச் சொன்னால், அது ஆற்றின் இயல்பு. அங்கே கேன் பொருந்தும். இன்றிரவு குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குள் தண்ணீர் புகலாம் என்றால், அது குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய ஊகம். அதற்கு மே, மைட், குட் ஆகிய மூன்றில் எதுவும் வரும், கேன் வராது. உங்கள் லாரி இந்த இரண்டாம் வகை. நீங்கள் கேன் எழுதியதால், 'திங்களன்று சேர்ப்பிக்க எங்களால் முடியும்' என்று அவர் படித்துக்கொண்டார். மைட் என்பது மே என்பதைவிடச் சற்று ஐயம் கூடியது என்று பாடநூல்கள் சொல்லும். நடைமுறையில் அந்த வேறுபாடு மிக மெல்லியது, அதற்காக நீங்கள் வருந்த வேண்டாம்.

எதிர்மறைதான் உண்மையில் வழுக்கும் இடம். 'வராமலும் போகலாம்' என்பதற்கு மே நாட், மைட் நாட் எழுதலாம். ஆனால் குட் என்பதோடு நாட் சேர்ந்தால், 'வர வாய்ப்பே இல்லை' அல்லது 'வர முடியவில்லை' என்று பொருள் அடியோடு மாறிவிடும்.

கடந்த காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் வந்தபோது, ஆற்றங்கரையில் இருந்த எங்கள் உறவினர்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. 'மேட்டுக்குப் போயிருக்கலாம்' என்று நாங்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். அது 'தே மே ஹேவ் லெஃப்ட்'. அவர்கள் மொட்டைமாடியிலேயே இரவைக் கழித்தார்கள் என்று பிறகு தெரிந்ததும், 'முந்தின நாளே போயிருக்கலாம்' என்றோம். அது 'தே குட் ஹேவ் லெஃப்ட்', அதாவது போக வழியிருந்தும் போகவில்லை. தமிழில் இரண்டும் ஒரே சொல். பேசுகிறவரின் குரலில்தான் வேறுபாடு தெரியும். மின்னஞ்சலில் குரல் இல்லை.

செருப்பு வாசலில் கிடக்கிறது, 'உள்ளேதான் இருப்பார்' என்கிறோமே, அதற்கு மஸ்ட் பீ.

அம்பை தமிழாசிரியை எழுதியது:

ஐயா முதல் கேள்விக்கு விரிவாக விடை கூறிவிட்டார்கள். இரண்டாவதற்குத் தமிழ் இலக்கணத்திலிருந்தே விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். கூரையை வேய்கிறோம், பானையை வனைகிறோம், சுவரை எழுப்புகிறோம். 'பானையைக் கட்டினான்' என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் தமிழ் அறிந்தவர் முகம் சுளிப்பார். நன்னூல் எண்ணும் ஏழு வழுக்களுள் இதற்கு மரபு வழு என்று பெயர். ஆங்கிலத்தில் பெயரும் வினையும் இணைவதும் மரபுதான்; விதியைத் தேடுவதைவிட, பெயரைப் படிக்கும்போதே அதன் வினையையும் சேர்த்துப் படித்துக்கொள்வதே வழி.

நம் 'போடு' என்ற வினையைப் பாருங்கள். கோலம், சத்தம், சண்டை, காப்பி, பில் என எல்லாவற்றையும் நாம் போடுகிறோம். ஆங்கிலத்தில் கோலத்துக்கு ட்ரா, சத்தத்துக்கும் காப்பிக்கும் மேக், சண்டைக்கு ஹேவ், பில்லுக்கு ரைஸ் அன் இன்வாய்ஸ். உங்கள் தொழிலுக்கு வேண்டியவை இன்னும் சில: புகாருக்கும் ஏற்பாட்டுக்கும் பணம் செலுத்துவதற்கும் மேக், ஆர்டர் கொடுப்பதற்குப் பிளேஸ், சரக்கைப் பெற்றுக்கொள்வதற்கு டேக் டெலிவரி. முடிவு எடுப்பதற்கும் மேக் எ டிசிஷன்தான், டேக் என்பது தவறு. சில இணைகள் நம்மோடு அப்படியே ஒத்துப்போகும். கவனத்தை நாமும் செலுத்துகிறோம், அவர்களும் பே என்றே சொல்கிறார்கள். அப்படி ஒன்றைக் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி தனி.

வள்ளியூரான் எழுதியது:

அம்மா, ஒரு சிறு திருத்தம். 'டேக் எ டிசிஷன்' தவறன்று. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், குறிப்பாக அலுவலக நடையில், அதுவும் வழங்குகிறது. மேக் எங்கும் செல்லும் என்பதால் அதையே பழகிக்கொள்வது நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

களக்காட்டுக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இந்த வார லோடுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'தி லோடு மே ரீச் ஆன் மண்டே, பட் இட் குட் பீ எ டே லேட். ப்ளீஸ் வெயிட் ஃபார் அவர் கால் பிஃபோர் யூ மேக் அரேஞ்ச்மென்ட்ஸ் ஃபார் அன்லோடிங்.' இதை அனுப்பலாமா, ஐயா?

பொருநைக்கரை ஆசிரியர் எழுதியது:

அனுப்பலாம், தம்பி. ரீச் என்ற வினை மட்டும் தனித்து நிற்காது, யாரை அல்லது எதைச் சென்றடைகிறது என்று கேட்கும். ஆகவே 'மே ரீச் யூ' என்று எழுதுங்கள், இல்லையேல் அரைவ் என்று மாற்றிவிடுங்கள்.