ஸ்பிரைட் மின்னலின் கணினி மாதிரி: நைட்ரிக் ஆக்சைடு இரண்டாவது முறையும் ஏறுகிறது, உதவி தேவை

கார்முகில்
மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இடிமேகத்துக்கு மேலே தோன்றும் ஸ்பிரைட் மின்னலின் வேதியியலுக்கு ஒரு கணினி மாதிரியைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதியிருக்கிறேன். மின்புலத் துடிப்பு முடிந்ததும் நைட்ரிக் ஆக்சைடு உயர்கிறது, அது சரி. ஆனால் சற்றுப் பொறுத்து மறுபடியும் ஏறி, கட்டுரைகளில் பார்த்த அளவைத் தாண்டிப் போகிறது. ஓசோனோ அசையவே இல்லை. எங்கே தவறு? வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

மின்கொடி
எந்த உயரம்? இரவா, பகலா? துடிப்பு எவ்வளவு நேரம்? மொத்தம் எவ்வளவு நேரத்துக்கு ஓட்டினீர்கள்? இவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது.

கணிதப்பித்தன்
தீர்வு முறையில்தான் கோளாறு, சந்தேகமே வேண்டாம். எலக்ட்ரான்கள் மைக்ரோ விநாடியில் மாறுகின்றன, நைட்ரிக் ஆக்சைடு மணிக்கணக்கில் மாறுகிறது. இப்படிப்பட்ட விறைப்பான சமன்பாடுகளை ரங்கே–குட்டா என்ற சாதாரண எண்முறையிடம் கொடுத்தால் குப்பைதான் வரும். அவற்றுக்கு ஏற்ற பின்னோக்கு வேறுபாட்டு முறைக்கு மாறுங்கள்.

வானளந்தான்
தம்பி, முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு நிரல் எழுத உட்காருங்கள். சாதாரண மின்னலில் காற்று 30,000 கெல்வின் வரை கொதித்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. ஸ்பிரைட்டில் காற்று சூடாவதே இல்லை என்று சொல்லலாம். வேலை முழுவதையும் எலக்ட்ரான்கள் செய்கின்றன. மேகத்துக்கு மேலே மின்னிறக்கம் நிகழலாம் என்று இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் 1920களிலேயே எழுதிவிட்டார். 1989 ஜூலை 6 அன்று மினசோட்டா பல்கலைக்கழகக் குழுவின் கேமராவில் அது தற்செயலாகச் சிக்கியது. இந்த வரலாறு தெரியாமல் மாதிரி செய்கிறவர்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன்.

மின்கொடி
ஐயா, 1989ஆம் ஆண்டு தெரிந்தால் அவருடைய வளைகோடு இறங்கிவிடுமா? கேட்டதற்குப் பதில் வரட்டும்.

கார்முகில்
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். 70 கி.மீ., இரவு, துடிப்பு 1 மில்லி விநாடி, ஓட்டம் ஒரு மணி நேரம். பின்னோக்கு வேறுபாட்டு முறையைத்தான் பயன்படுத்துகிறேன். படி அளவைக் குறைத்தாலும் அதே விடை. பிறகு, நான் தம்பி அல்ல.

நீலத்தாரை
உங்கள் வினைப் பட்டியலில் இரும்பு இருக்கிறதா? இருக்காது, யாரும் சேர்ப்பதில்லை. சில ஸ்பிரைட்டுகளின் உச்சியில் பச்சை ஒளி ஒன்று தங்கி நிற்கும். அதன் நிறமாலையை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த கட்டுரையில் இரும்பும் நிக்கலும் தெரிகின்றன. விண்கல் தூசியிலிருந்து வந்த உலோகம் அது. உலோகம் இல்லாத மாதிரி அரைகுறை மாதிரி.

கணிதப்பித்தன்
அந்தப் பச்சை ஆக்சிஜன் அணுவின் 557.7 நானோமீட்டர் கோடு. ஒரே ஒரு நிகழ்வின் நிறமாலையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இரும்பாக்கிவிட வேண்டாம்.

நீலத்தாரை
ஆக்சிஜன் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அது ஒரு பங்குதான் என்கிறேன். கட்டுரையைத் திறந்து படித்துவிட்டு வாருங்கள்.

வானளந்தான்
பச்சையோ சிவப்போ, இதனால் உலகத்துக்கு என்ன? கீழே விநாடிக்கு ஏறத்தாழ 45 மின்னல்கள் அடிக்கின்றன. அவை ஆண்டுக்கு 20 முதல் 80 லட்சம் டன் நைட்ரஜனை ஆக்சைடுகளாக மாற்றுகின்றன. ஸ்பிரைட் நிமிடத்துக்கு ஒன்று தேறுவதே பெரிது. என்விசாட் செயற்கைக்கோளில் இருந்த மிபாஸ் கருவியின் தரவில் தேடியபோது, இடிமேகங்களுக்கு மேலே 52 கி.மீ. உயரத்தில் நைட்ரஜன் டைஆக்சைடில் சுமார் 10 சதவீத உயர்வுக்கான அறிகுறிதான் கிடைத்தது. உலக அளவில் தெளிவாக ஒன்றும் இல்லை.

மின்கொடி
உலகச் சராசரியில் கரைந்துவிடுகிறது என்பதற்காக, ஸ்பிரைட்டின் ஒரு மின்னிழைக்குள் நடக்கும் வேதியியலைப் படிக்கக் கூடாதா? அந்த இழைக்குள் மாற்றம் மடங்குக் கணக்கில் இருக்கிறது. அதைத்தான் அவர் கணக்கிடுகிறார். கார்முகில், அந்த இரண்டாவது ஏற்றம் துடிப்புக்கு எத்தனை விநாடி கழித்து வருகிறது?

கார்முகில்
சுமார் அரை நிமிடத்தில்.

மின்கொடி
அப்படியானால் பிடிபட்டுவிட்டது. எலக்ட்ரான் மோதி நைட்ரஜன் மூலக்கூறு உடையும்போது இரண்டு வகை அணுக்கள் வருகின்றன. கூடுதல் ஆற்றல் பெற்ற கிளர்வுற்ற அணு ஆக்சிஜனோடு ஒரு மில்லி விநாடிக்குள் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிவிடும். உங்கள் முதல் ஏற்றம் அது. கூடுதல் ஆற்றல் இல்லாத அடிநிலை அணு அப்படி அல்ல. அது ஆக்சிஜனோடு சேரும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்துப் பெரிதும் மாறும். அறை வெப்பநிலையில், 70 கி.மீ. உயரத்துக்குரிய அடர்த்தியில், அரை நிமிடம் போதும். அங்கே உண்மையில் நிலவும் 220 கெல்வின் குளிரிலோ பல பத்து நிமிடங்கள் ஆகும். அதற்குள் அந்த அணு இருக்கிற நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து மறுபடியும் நைட்ரஜன் மூலக்கூறாக்கிவிடும். குளிரில் நைட்ரிக் ஆக்சைடைத் தின்ன வேண்டிய அணு, உங்கள் நிரலில் அதை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. அடிநிலை அணு ஆக்சிஜனோடு சேரும் அந்த ஒரு வினையின் வேக மாறிலியில் என்ன வெப்பநிலை இருக்கிறது என்று பாருங்கள்.

ஓசோன் அசையாதது தவறல்ல. அந்த உயரத்தில், இரவில், ஒரு மணி நேரத்தில் நைட்ரிக் ஆக்சைடால் அதை ஒன்றும் செய்ய முடியாது. வேதியியலாளர் பால் குருட்சன் 1970இல் விளக்கிய, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கும் சுழற்சி வலுவாக ஓடுவது அதற்கு வெகு கீழே, மீள் அடுக்கில். ஓசோன்தான் உங்கள் அக்கறை என்றால் இடிமேக உச்சியிலிருந்து 40, 50 கி.மீ. உயரம் வரை மட்டுமே எழும் நீலநிற மின்னிறக்கங்களான நீலத்தாரைகளை மாதிரி செய்யுங்கள். எனக்கு ஸ்பிரைட்டைவிட அவற்றின் மீதுதான் ஆசை.

கணிதப்பித்தன்
வெப்பநிலை இருக்கட்டும், தீர்வு முறையில் அனுமதிக்கும் பிழையின் சகிப்பு அளவையும் ஒரு முறை சரிபார்க்கவும்.

கார்முகில்
298 கெல்வின், அறை வெப்பநிலை. எடுத்துக்காட்டுக் கோப்பிலிருந்து எடுத்த வரி. மற்ற எல்லா வினைகளிலும் மாற்றியிருக்கிறேன், அதில் மட்டும் எண்ணாகவே நின்றுவிட்டது. 220 போட்டதும் இரண்டாவது ஏற்றம் போய்விட்டது, இப்போது வளைகோடு மெல்ல இறங்குகிறது. மிக்க நன்றி அக்கா.

நீலத்தாரை
2022 மே 19 இரவு திபெத்தின் தென்பகுதியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பிரைட்டுகளைப் படம் பிடித்தார்கள். அவற்றில் சிலவற்றிலும் அந்தப் பச்சை இருக்கிறது. கணிதப்பித்தன், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?