கார்டில் பாயின்ட் கழிந்துவிட்டது, மைல்ஸ் வரவில்லை: இனிஷியல்தான் காரணமா?

தஞ்சை_வாசி

வணக்கம். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். ஜனவரி மூன்றாம் வாரம் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்பா, அம்மா இருவரையும் டிசம்பர் கடைசியில் அனுப்பிவைக்க வேண்டும். வீட்டுச் செலவையெல்லாம் கிரெடிட் கார்டில் போட்டுச் சேர்த்த பாயின்ட்டுகளை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் உறுப்பினர் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் மைல்ஸாக (பணத்துக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்கும் புள்ளி) மாற்றி, சென்னையிலிருந்து டிக்கெட் எடுக்கலாம் என்று திட்டம்.

வங்கித் தளத்தில் 40,000 பாயின்ட்டை மாற்றக் கொடுத்தேன். அந்த நிமிடமே கார்டிலிருந்து கழிந்துவிட்டது. சில வேலை நாட்களில் வந்துவிடும் என்று போட்டிருந்தது. வாரம் தாண்டியும் கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் பூஜ்யம்தான். கஸ்டமர் கேரில் ஒருவர் "நாங்கள் அனுப்பிவிட்டோம், ஏர்லைன்ஸைக் கேளுங்கள்" என்கிறார். அடுத்த முறை வேறொருவர் "பிராசஸில் இருக்கிறது சார்" என்கிறார். வங்கி எது என்று இங்கே சொல்லவில்லை, கார்டு இன்னும் வேண்டும்.

என் சந்தேகம் பெயரில்தான். என் பெயர் முருகன், அப்பா பெயர் காளியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் முருகன், சர்நேம் காளியப்பன். கிரிஸ்ஃப்ளையரிலும் அப்படியே கொடுத்தேன். கார்டில் மட்டும் "முருகன் கே". இதனால் மாட்டியிருக்குமா? பாயின்ட் திரும்ப வருமா, போனது போனதுதானா?

ஷட்டில்_காக்

இனிஷியல்தான், வேறொன்றும் இல்லை. ஏர்லைன்ஸ் கணக்கில் போய்ப் பெயரைக் கார்டில் இருப்பதுபோல மாற்றிவிட்டு மறுபடி அனுப்புங்கள். வேலை முடிந்தது.

மைல்கணக்கு

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

முதலில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பாயின்ட் கழிவது வங்கியின் கணினியில் உடனே நடக்கும். மைல்ஸ் சேர்வது அப்படியல்ல. வங்கி, பெரும்பாலும் இடையில் இருக்கும் ஒரு நிறுவனம் வழியாக, உறுப்பினர் எண்ணையும் பெயரையும் ஏர்லைன்ஸுக்கு அனுப்பும். அங்கே இரண்டும் பொருந்தினால்தான் மைல்ஸ் ஏறும். பொருந்தாவிட்டால் நிராகரித்துத் திருப்பி அனுப்புவார்கள், வங்கி பாயின்ட்டைக் கார்டில் மறுபடி வரவு வைக்க வேண்டும். இந்தத் திரும்பும் பாதைதான் மெதுவாக நகரும். யாரும் உங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப மாட்டார்கள். எனவே போனது போனதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மைல்ஸ் ஒழுங்காக ஏறிவிட்டால் கதை வேறு. அப்புறம் அதைப் பாயின்ட்டாகத் திருப்ப வழியே கிடையாது. அதனால் உறுப்பினர் எண்ணைச் சரிபாருங்கள். கிரிஸ்ஃப்ளையர் எண் 10 இலக்கம், 8-இல் தொடங்கும். ஓர் இலக்கம் மாறி, பெயர்ச் சரிபார்ப்பும் தளர்வாக இருந்தால் மைல்ஸ் வேறு யார் கணக்கிலாவது விழுந்துவிடலாம். அதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டிய நிலை. உறுதிப்படுத்தல் மெயிலில் எந்த எண் இருக்கிறது?

தஞ்சை_வாசி

எண் சரியாகத்தான் இருக்கிறது, இப்போது எடுத்துப் பார்த்தேன்.

ஷட்டில்_காக்

மைல்கணக்கு அண்ணா, அவரா பறக்கப்போகிறார்? அப்பா, அம்மாதானே. டிக்கெட்டில் அவர்கள் பெயர்தான் வரும். அவர் கணக்கில் "கே" இருந்தால் என்ன, "காளியப்பன்" இருந்தால் என்ன?

மைல்கணக்கு

நியாயமான கேள்வி. இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால் தடையில்லைதான். ஆனால் தொடங்கிய கணக்கில் பெயரை மாற்ற வேண்டுமென்றால் அத்தாட்சி கேட்பார்கள். பாஸ்போர்ட் நகலை அனுப்பினால் அதில் இருப்பது "முருகன் காளியப்பன்". "கே" என்று மாற்ற எதைக் காட்டுவார்? நாளைக்கு அவரே பறக்கும்போது டிக்கெட் பாஸ்போர்ட்டின்படி இருக்கும், கணக்கு கார்டின்படி இருக்கும். பறந்த மைல்ஸ் சேராது. அதற்கும் தனியாக ஒரு சண்டை. பாஸ்போர்ட்டை ஒட்டி இருக்கிற கணக்கைக் கெடுத்துக் கார்டோடு பொருத்துவதைவிட, கார்டைச் சரிசெய்வதுதான் புத்தி.

கவுன்ட்டர்_நான்கு

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி. கார்டின் மேல் அச்சாகும் பெயர் வேறு, வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள) பதிவில் இருக்கும் பெயர் வேறு. கார்டில் இத்தனை எழுத்துக்குமேல் இடமில்லை என்று சுருக்கிப் போட்டிருப்பார்கள். பாயின்ட்டோடு போவது பெரும்பாலும் பதிவில் உள்ள பெயர். உங்கள் மாதாந்திர ஸ்டேட்மென்ட்டின் தலைப்பில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கேயும் "முருகன் கே" என்றால் பதிவே அப்படித்தான்.

பான் கார்டை எடுத்துப் பாருங்கள். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதியாக வேண்டும். ஆகவே அதில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். அந்த நகலோடு கிளைக்குப் போய், "கார்டு பதிவிலும் பான்படி மாற்றுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். சேமிப்புக் கணக்கில் மாற்றினால் கார்டிலும் தானாக மாறிவிடும் என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். நம்பிவிட வேண்டாம். பல வங்கிகளில் கார்டுப் பிரிவு தனி வீடு, தனி அடுப்பு.

போனில் பேசுவதை விட்டுவிடுங்கள். மெயிலில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கோரிக்கை எண்ணுக்குரிய மாற்றத்தைப் பார்ட்னர் (அதாவது ஏர்லைன்ஸ்) ஏற்றாரா, நிராகரித்தாரா? நிராகரித்திருந்தால் பாயின்ட் எந்தத் தேதியில் திரும்ப வரவாகும்? இப்படிக் கேட்டால் "பிராசஸில்" என்று பதில் எழுத முடியாது. அதற்கும் மழுப்பினால் வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள். முதல் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே மனுப் போடலாம், கட்டணம் இல்லை. புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், எல்லாமே அதிலிருந்துதான் கணக்கு.

கறார்_கண்ணன்

இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டு மைல்ஸில் போவது லாபமா என்று யாராவது பார்த்தீர்களா? திருச்சியிலிருந்து ஸ்கூட் (மலிவு விலை விமானம்) நேராகப் போகிறது. தஞ்சாவூர்க்காரர் எதற்குச் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும்?

மைல்கணக்கு

பார்க்கத்தான் வேண்டும். கணக்கு எளிது. ரொக்கத்தில் என்ன விலையோ அதிலிருந்து, மைல்ஸ் டிக்கெட்டுக்கும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை மைல்ஸால் வகுங்கள். உதாரணத்துக்கு (இது இன்றைய விலை அல்ல, ஒரு பாயின்ட்டுக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்வோம்) ரொக்கம் 24,000 ரூபாய், வரி 4,000, மைல்ஸ் 20,000 என்றால் ஒரு மைல் ஒரு ரூபாய்க்குப் போகிறது. அதே பாயின்ட்டைக் கார்டு பில்லில் கழித்தால் உங்கள் வங்கி எத்தனை பைசா தருகிறது என்று பாருங்கள். 30 பைசா என்றால் மைல்ஸ் லாபம். ரொக்க டிக்கெட்டே 12,000-க்குக் கிடைக்கிற காலமென்றால் ஒரு மைல் 40 பைசாவுக்கு வந்துவிடும், அப்போது மைல்ஸில் பெரிய லாபம் இல்லை. கூட்டமான நாளில், ரொக்க விலை ஏறிக் கிடக்கும்போதுதான் மைல்ஸுக்கு மவுசு. ஆனால் அதே நாளில்தான் சேவர் சீட்டும் (குறைந்த மைல்ஸுக்குத் தரும் இருக்கை) கிடைக்காது. இந்த விளையாட்டின் குசும்பே அதுதான்.

"இலவச டிக்கெட்" என்று விளம்பரம் செய்பவர்கள் வரியைச் சொல்வதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல்ஸ் டிக்கெட்டுக்கு எரிபொருள் கட்டணம் வாங்குவதை 2017-லேயே நிறுத்திவிட்டது, அதனால் அங்கே அடி குறைவு. பிரிட்டிஷ் ஏர்வேஸில் அவியோஸ் (அவர்களின் மைல்ஸ்) கொடுத்து லண்டன் போகப் பார்த்தால் அந்த மாதிரிக் கட்டணமும் சேர்ந்து வரும்.

இன்னொன்று. பாயின்ட்டுக்காகச் செலவை ஏற்றிவிட்டுப் பில்லில் பாக்கி வைக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாதம் 3.5% வட்டி என்றால் வருஷத்துக்கு 42%. எந்த மைலும் அதை ஈடுகட்டாது.

சாங்கி_டவுன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மைல்ஸ் இருக்கட்டும் தம்பி, முதலில் தேதியையே மாற்றி யோசியுங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் வருகிற பெற்றோருக்கு இங்கே இறங்கும்போது பொதுவாக 30 நாள் வரைதான் தங்க அனுமதிக்கிறார்கள். விசா அதைவிட நீளமாக இருந்தாலும் தங்கும் நாளைத் தீர்மானிப்பது குடிநுழைவு அதிகாரிதான். டிசம்பர் கடைசியில் வந்தால், பிள்ளை பிறந்த கையோடு பெட்டி கட்ட வேண்டியிருக்கும். தங்கைக்கு அம்மா தேவைப்படுவது அதற்கு அப்புறம்தானே? நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடக்கூடாது.

இங்கே பள்ளி விடுமுறை நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய. ஊருக்கு வந்த குடும்பமெல்லாம் டிசம்பர் கடைசியில்தான் சிங்கப்பூர் திரும்பும். நீங்கள் கேட்கிற திசை, கேட்கிற வாரம், இரண்டுமே நெரிசல். ஜனவரி பாதிக்குத் தள்ளினால் சேவர் சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், உங்கள் மைல்ஸில் பெற்றோருக்கு டிக்கெட் எடுக்க அவர்களை உங்கள் கணக்கில் ரிடெம்ப்ஷன் நாமினியாகச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் வரை சேர்க்கலாம். சேர்க்கப் பணமில்லை, பிறகு ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டால் கட்டணம். மைல்ஸ் வருவதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தஞ்சை_வாசி

30 நாள் விஷயம் தங்கைக்கே தோன்றவில்லை. சாங்கி அண்ணா, நன்றி. ஜனவரி 12-ஐ ஒட்டிப் பார்க்கிறேன்.

இப்போதைய நிலவரம்: கவுன்ட்டர்_நான்கு ஐயா சொன்ன அதே கேள்வியை மெயிலில் அனுப்பினேன். "பெயர் பொருந்தாததால் பார்ட்னர் நிராகரித்துள்ளார்" என்று முதன்முறையாக எழுத்தில் பதில் வந்தது. அடுத்த சில நாளில் பாயின்ட்டும் திரும்பிவிட்டது. ஸ்டேட்மென்ட்டிலும் "முருகன் கே" என்றுதான் இருந்தது. பான் நகல் கொடுத்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு புதுச் சிக்கல். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, கிவன் நேம் மட்டும்தான். நாமினி படிவம் இரண்டையும் கேட்கிறது. அப்பா பெயரை அங்கே போட்டுவிடவா?

மைல்கணக்கு

போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் ஏறினால் செக்-இன்னில் நிற்க வேண்டும். ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் எப்படிப் போடுவது என்பது ஏர்லைன்ஸுக்கு ஏர்லைன்ஸ் வேறுபடும். அவர்களின் சாட்டில் அம்மாவின் பாஸ்போர்ட் பக்கத்தை வைத்துக்கொண்டே கேளுங்கள், பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாமினி, டிக்கெட், விசா மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கட்டம் காலிதான், புதிதாக எதையும் கேட்கவில்லை நீங்கள்.

பெயர் திருத்தியதும் முழுப் பாயின்ட்டையும் தள்ளிவிடாமல், வங்கி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவை முதலில் அனுப்பிப் பாருங்கள். அது ஏறினால் மீதி. அந்தச் சமயத்தில் சீட் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள். வந்த மைல்ஸுக்கு மூன்று வருஷம் ஆயுள், பாயின்ட்டாக இருக்கும்வரை வேறு ஏர்லைன்ஸுக்கும் போகலாம்.

கறார்_கண்ணன்

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வயசானவர்கள், தஞ்சாவூர், திருச்சி பக்கத்தில்.

மைல்கணக்கு

வருகிறேன் அண்ணா. மைல்ஸ் டிக்கெட்டை ஒருவழிக்கும் எடுக்கலாம், போய்வர இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றில்லை. போகும்போது பொடி, ஊறுகாய், பிள்ளைத் துணி என்று பெட்டி கனக்கும். ஸ்கூட்டில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். எனவே போவதைச் சென்னையிலிருந்து மைல்ஸிலும், வருவதைத் திருச்சிக்கு ஸ்கூட்டில் ரொக்கத்திலும் வைக்கலாம். திரும்பும்போது இறங்கி ஒரு மணி நேரம் சொச்சத்தில் வீடு. பிப்ரவரி பாதியில் விலையும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

தஞ்சை_வாசி

சரி, இது நல்ல யோசனையாக இருக்கிறது. குறைந்த அளவு அனுப்பிப் பார்த்தேன், இந்த முறை ஏறிவிட்டது. ஜனவரி 12-க்கு ஒரு சேவர் சீட்தான் காட்டுகிறது, 13-க்கு இரண்டு இருக்கிறது. மீதிப் பாயின்ட்டை இப்போதே அனுப்புகிறேன். விசாவுக்குத் தங்கை அங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா?

சாங்கி_டவுன்

சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளக் கணக்கு) இருந்தால் பொதுவாக அவளே இணையத்தில் போடலாம், ஆளுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரைவல் கார்டு என்று ஒன்றை நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் கேட்கிற போலித் தளமாக இருக்கும், அப்பாவை அவர் போனில் நிரப்பச் சொல்லாமல் நீங்களே நிரப்பிவிடுங்கள்.