கரண்ட் மிச்சம் பிடிக்கும் பிளக்: 8 யூனிட் குறைந்திருக்கிறது, இன்னொன்று வாங்கலாமா?

மஸ்கெலியா மழை:
அவசரமாக ஒரு சந்தேகம். டவுனில் நடைபாதைக் கடையில் கரண்ட் மிச்சம் பிடிக்கும் பிளக் ஒன்று 1,800 ரூபாவுக்கு வாங்கினேன். சொக்கட்டில் குத்தினால் பச்சை லைட் எரிகிறது. போன பில் 66 யூனிட், இந்தப் பில் 58. கடைக்காரர் சின்ன மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, ஆம்பியர் இறங்குவதை என் கண்முன்னாலேயே காட்டினார். அம்மா வீட்டுக்கும் ஒன்று வாங்கலாமா? நாளைக்கு டவுனுக்குப் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

பண்டாரவளை அக்கா:
வீட்டில் என்னென்ன ஓடுகிறது தம்பி? ஃபிரிட்ஜ் இருக்கிறதா? குளிக்கத் தண்ணீர் சுடவைப்பது கரண்ட் கொயிலா, விறகடுப்பா?

கொழுந்துக்கூடை:
இரண்டு பில்லும் எத்தனை நாளுக்கு? அதைச் சொல்லாமல் யூனிட்டை மட்டும் சொன்னால் எப்படி?

ஃபிட்டர் அண்ணன்:
தாராளமாக வாங்குங்கள், வேலை செய்யும். நான் தேயிலை ஃபெக்டரியில் இருபது வருடம். கொழுந்து வாட்டும் விசிறி மோட்டார்களுக்குக் கெபாசிட்டர் (சார்ஜைத் தேக்கித் திருப்பி விடும் பாகம்) போட்ட பிறகு பில் இறங்கியதை நானே பார்த்தேன். இந்தப் பிளக்குக்குள் இருப்பதும் கெபாசிட்டர்தான்.

மீட்டர் வாசிப்பவர்:
இதை நான் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். பழையதைத் தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஃபிட்டர் சொல்வது ஃபெக்டரிக்குச் சரி. பெரிய தொழிற்சாலை பில்லில் கேவிஏ டிமாண்டுக்கு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்கு, தனிக் கட்டணம் உண்டு, கெபாசிட்டர் அதைக் குறைக்கும். வீட்டு மீட்டர் எண்ணுவது கிலோவாட் மணி, அதாவது யூனிட் மட்டும். மோட்டாரில் ஆம்பியர் இறங்கியது உண்மை, ஆனால் ஆம்பியருக்கு யாரும் வீட்டில் பில் போடுவதில்லை. கேத்தல், கொயில், அயன் எல்லாம் வெறும் சூடு. அவற்றில் கெபாசிட்டருக்குத் திருத்த ஒன்றுமே இல்லை.

மஸ்கெலியா மழை:
மன்னிக்கவும், எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து விட்டுவிட்டேன். போன பில் 34 நாள், இது 29 நாள். ஃபிரிட்ஜ், கேத்தல், டிவி, காலையில் குளிக்க 1000 வாட் கொயில்.

பண்டாரவளை அக்கா:
அட தம்பி, கணக்கைப் பாருங்கள். 66ஐ 34ஆல் வகுத்தால் நாளுக்கு 1.94. 58ஐ 29ஆல் வகுத்தால் சரியாக 2. பிளக் வந்த பிறகு கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது! அதோடு, 60 தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை ஏறும். அந்த 60 என்பது 30 நாளுக்கு, நாள் மாறினால் எல்லையும் மாறும். நீங்கள் இப்போது கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். கொயில் அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட். பிளக்கை விடுங்கள், அதைப் பாருங்கள்.

ஃபிட்டர் அண்ணன்:
எங்கள் பக்கம் மாலையில் வோல்டேஜ் இறங்கும். பிளக் அதைச் சரிசெய்யுமே?

மீட்டர் வாசிப்பவர்:
செய்யாது. வாதம் எதற்கு, சோதித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேத்தலை மட்டும் போடுங்கள். மீட்டரில் சிவப்பு லைட் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள், பிளக்கோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. பிறகு ஃபிரிட்ஜை மட்டும் வைத்து, மோட்டார் ஓடும்போது பத்து நிமிடம். பிளக்கைக் கழற்றியதும் பின்களைத் தொடாதீர்கள், உள்ளே சார்ஜ் தங்கியிருந்தால் ஷாக் அடிக்கும்.

கொழுந்துக்கூடை:
8 யூனிட்டுக்கு நாம் இப்படி அலைகிறோம். லக்சபான நீர்மின் நிலையத்தில் 1950லேயே கரண்ட் எடுக்க ஆரம்பித்தார்கள். அதே மலையில் என் பாட்டி தோட்டத்து லயன் வீட்டில் குப்பி விளக்கு வைத்துத்தான் பிள்ளை வளர்த்தார்.

ஃபிட்டர் அண்ணன்:
தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 2012ல் வந்தது, 150 மெகாவாட். அது வந்து நமக்கு பில் குறைந்ததா? கரண்ட் பிறக்கும் ஊருக்குத் தனி விலை வேண்டும்.

பண்டாரவளை அக்கா:
தனி விலையா? அப்படியென்றால் நிலக்கரியில் கரண்ட் எடுக்கும் நுரைச்சோலைக்காரரும் கேட்பார். மழை இல்லாத மாதத்தில் நமக்கும் அங்கிருந்துதான் வருகிறது அண்ணே.

கொழுந்துக்கூடை:
அக்கா, அணைக்காக எழும்பிப் போன குடும்பங்களிடம் போய் இதைச் சொல்வீர்களா?

மீட்டர் வாசிப்பவர்:
இது பிளக் பற்றிய கேள்வி. வேண்டுமானால் தனியாகத் தொடங்குங்கள்.

மஸ்கெலியா மழை:
எண்ணிவிட்டேன். என் மீட்டரில் யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று போட்டிருக்கிறது. 1500 வாட் கேத்தல்: பிளக்கோடு 39, இல்லாமல் 39. ஃபிரிட்ஜ் பத்து நிமிடம்: பிளக்கோடு 26, இல்லாமல் 27.

ஃபிட்டர் அண்ணன்:
பாருங்கள், ஒன்று குறைந்திருக்கிறது!

மீட்டர் வாசிப்பவர்:
எண்ண ஆரம்பித்த நொடி ஒரு சிமிட்டலுக்கு முன்னேயா பின்னேயா என்பதில் வரும் வித்தியாசம் அது. இன்னும் நான்கு தடவை எண்ணினால் 27, 26 என்று மாறியும் வரும்.

மஸ்கெலியா மழை:
எண்ணினேன். மாறி மாறித்தான் வந்தது. மூடியையும் திறந்து பார்த்தேன், ஒரு கறுப்புச் சதுரப் பெட்டி, பச்சை லைட், இரண்டு வயர், அவ்வளவுதான். அம்மாவுக்கு வாங்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

பண்டாரவளை அக்கா:
கடைக்காரர் காசைத் திருப்பித் தருவாரா என்று கேட்டுப் பார்த்தீர்களா தம்பி?