கிளை ஒண்ணுதான், ஆனா பாயிலிங் பாயிண்ட் ஏன் 3 டிகிரி மாறுது?

உட்லண்ட்ஸ்_நிலா:

வணக்கம். சிங்கப்பூர்ல ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதல் வருஷம் படிக்கிறேன், எச்2 கெமிஸ்ட்ரி (ஏ-லெவல் பாடம்). கார்பன் சங்கிலில கிளை கூடினா பாயிலிங் பாயிண்ட் (கொதிநிலை) குறையும், ஏன்னா மாலிக்யூல் உருண்டையாகி பக்கத்து மாலிக்யூலோட ஒட்டுற பரப்பு குறையுது, ஐடி-ஐடி இழுப்பு (மாலிக்யூல்களுக்கு நடுவுல இருக்கிற வலு கம்மியான இழுப்பு) குறையுதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அஞ்சு கார்பன் உள்ள பென்டேனோட மூணு வடிவத்துக்கும் கரெக்டா வருது. நேரா இருக்கிறது 36.1 டிகிரி, ஐசோபென்டேன் 27.8, நியோபென்டேன் 9.5. ஆறு கார்பன் ஹெக்ஸேனுக்கு வந்ததும் மாட்டிக்கிட்டேன். 2-மெத்தில்பென்டேன் (ரெண்டாவது கார்பன்ல கிளை) 60.3, 3-மெத்தில்பென்டேன் (மூணாவதுல கிளை) 63.3. ரெண்டுக்கும் கிளை ஒண்ணுதான். அதுவும் கிளை நடுவுல இருக்கிறது தானே இன்னும் உருண்டையா இருக்கும், அப்ப அது குறையணும், ஆனா கூடுது. கிளாஸ்ல கேட்டேன், பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டாங்க. எனக்கு விட மனசில்ல. படத்தை மட்டும் வச்சு கணக்குப் போட்டு இதைச் சொல்ல முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஈசூன்_டீச்சர்:

முடியும்மா, அதுவும் கால்குலேட்டர்கூட பெருசா வேணாம். நான் இருபது வருஷமா டியூஷன் எடுக்கிறேன், இந்தக் கேள்வியைக் கேக்கிற பிள்ளைங்க ரொம்பக் கம்மி, அதனால முழுசாவே சொல்றேன்.

1947-ல ஹாரி வீனர்னு ஒருத்தர், நியூயார்க் புரூக்ளின் காலேஜ்ல இருந்தவர், இதே பாரஃபின் (கார்பன், ஹைட்ரஜன் மட்டும் உள்ள சங்கிலி, அல்கேன்னும் சொல்வாங்க) பாயிலிங் பாயிண்ட் விஷயத்தைத் தான் எடுத்தார். ஹைட்ரஜனை எல்லாம் அழிச்சிடு, கார்பனை புள்ளியா வை, பாண்டை (கார்பனுக்கு நடுவுல உள்ள பிணைப்பை) கோடா போடு. இப்ப ஒவ்வொரு கோட்டையும் கத்தரியால வெட்டுற மாதிரி நினைச்சுக்க, வெட்டினா இந்தப் பக்கம் எத்தனை கார்பன், அந்தப் பக்கம் எத்தனை கார்பன், ரெண்டையும் பெருக்கு. எல்லாக் கோட்டுக்கும் இப்படிப் பெருக்கிக் கூட்டினா வர்றது தான் வீனர் நம்பர். நேர் பென்டேனுக்கு 4, 6, 6, 4, மொத்தம் 20. ஐசோபென்டேனுக்கு 18. நியோபென்டேன்ல நாலு கோடும் 1 பெருக்கல் 4, அதனால 16. அடங்கி உருண்டையா ஆக ஆக நம்பர் இறங்குது பாத்தியா, நீ சொன்ன பாயிலிங் பாயிண்ட்டும் அதே வரிசைல தான் இறங்குது.

ஆனா இது மட்டும் போதாது, உன் கேள்வி அங்க தான் நிக்குது. ஹெக்ஸேனுக்கு 35, 2-மெத்தில்பென்டேனுக்கு 32, 3-மெத்தில்பென்டேனுக்கு 31. நீ நினைச்ச மாதிரியே 3-ஆவது தான் இன்னும் உருண்டை, உன் யோசனைல தப்பே இல்ல. அதனால தான் வீனர் இன்னொரு எண்ணையும் சேர்த்தார், சரியா மூணு பாண்ட் தூரத்துல இருக்கிற கார்பன் ஜோடி எத்தனைன்னு. ஹெக்ஸேனுக்கு 3, 2-மெத்தில்பென்டேனுக்கும் 3, ஆனா 3-மெத்தில்பென்டேனுக்கு 4. பேப்பர்ல வரைஞ்சு விரலால எண்ணிப் பாரு, அந்த மெத்தில்ல இருந்து ரெண்டு முனைக்கும் மூணு மூணு அடி தான்.

இப்ப கணக்கு. 98-ஐ கார்பன் எண்ணிக்கையோட ஸ்கொயரால வகு, ஆறு கார்பனுக்கு 2.72. நேர்ச் சங்கிலியை விட வீனர் நம்பர் எவ்வளவு குறையுதோ அதால பெருக்கு, அவ்வளவு டிகிரி கீழ இறக்கு. மூணு-பாண்ட் ஜோடி ஒண்ணு கூடினா 5.5 டிகிரி மேல ஏத்து, ஒண்ணு குறைஞ்சா 5.5 இறக்கு. ஹெக்ஸேன் 68.7-ல ஆரம்பி. 2-மெத்தில்பென்டேனுக்கு 8.2 இறங்கும், ஜோடில மாற்றம் இல்ல, விடை 60.5. 3-மெத்தில்பென்டேனுக்கு 10.9 இறங்கி 5.5 ஏறும், விடை 63.3. புக்ல இருக்கிறதையும் இதையும் வச்சுப் பாரு. நான் முதல் தடவை போட்டப்போ தப்பா பாத்துட்டேனோன்னு மூணு தரம் திருப்பிப் போட்டேன்.

ஜூரோங்_நைட்ஷிஃப்ட்:

டீச்சர் சொன்னதை நாங்க தினமும் கண்ணால பாக்கிறோம். நான் ஜூரோங் தீவுல (பெட்ரோலிய ஆலைங்க இருக்கிற தீவு) ஷிஃப்ட் வேலை. பென்டேன் ஹெக்ஸேன் மாதிரி நேர்ச் சங்கிலிங்கள பிளாட்டினம் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மேல ஹைட்ரஜனோட விட்டு கிளை உள்ளதா மாத்துவாங்க, ஐசோமரைசேஷன்னு பேரு. எதுக்குன்னா நேர் ஹெக்ஸேனோட ஆக்டேன் நம்பர் (நாக் அடிக்காம எரியுறதுக்கான அளவு) 25 பக்கத்துல தான், 2,2-டைமெத்தில்பியூட்டேன் 90-க்கு மேல. அதே ஆறு கார்பன், அதே பதினாலு ஹைட்ரஜன், வடிவம் மட்டும் வேற, ஒண்ணு எஞ்சின்ல நாக் அடிக்கும் (தானா பத்திக்கிட்டு தட்டும்), இன்னொண்ணு அடிக்காது. பெட்ரோல் ஸ்டேஷன்ல 95, 98-னு எழுதியிருக்கிறதுக்குப் பின்னாடி இந்த வடிவம் தான் இருக்கு தங்கச்சி.

மாத்தினப்புறம் எல்லாம் கலந்து தான் வரும், அதைக் கொதிநிலையை வச்சுத் தான் காய்ச்சி வடிக்கிற டவர்ல பிரிக்கணும். நீ கேட்ட அந்த 3 டிகிரி கிளாஸ்ல சின்னதா தெரியலாம், இங்க அவ்வளவு நெருக்கமா இருக்கிற ரெண்டைப் பிரிக்கணும்னா ட்ரே (டவருக்குள்ள இருக்கிற தட்டு) மேல ட்ரேயா அடுக்கி டவர் வானத்துக்கு ஏறிடும். அதனால பரீட்சைக்கு வருதோ இல்லையோ, கேட்டது நல்ல கேள்வி.

போனாவிஸ்தா_லேப்:

நான் மருந்து பக்கம் கம்ப்யூட்டர் வேலை பாக்கிறேன், ரெண்டு பேரும் சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன், ஆனா நிலா இதோட எல்லையையும் தெரிஞ்சுக்கணும். 98, 5.5 ரெண்டும் தியரில இருந்து பிறந்த எண் இல்ல, ஏற்கனவே அளந்து வச்சிருந்த பாயிலிங் பாயிண்ட்டுக்குப் பொருந்துற மாதிரி எடுத்த எண். அதனால அல்கேனை விட்டு வெளிய போனா நிக்காது. எத்தனாலையும் டைமெத்தில் ஈத்தரையும் ஹைட்ரஜன் இல்லாம வரை, ரெண்டும் மூணு புள்ளி ரெண்டு கோடு, வீனர் நம்பர் ரெண்டுக்கும் 4. ஆனா ஒண்ணு 78 டிகிரில கொதிக்குது, இன்னொண்ணு மைனஸ் 24-ல. எந்தப் புள்ளி ஆக்சிஜன், அதுல ஹைட்ரஜன் இருக்கான்னு படத்துக்குத் தெரியல, ஹைட்ரஜன் பாண்டிங்கும் (அந்த ஹைட்ரஜனால பக்கத்து மாலிக்யூலோட வர்ற வலுவான இழுப்பு) தெரியல. அதே மாதிரி பியூட்-2-ஈன்ல சிஸ் (முனை ரெண்டும் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர் பக்கம்) ரெண்டுக்கும் ஒரே படம் தான். இடது கை, வலது கை மாதிரி இருக்கிற மாலிக்யூல்களும் அப்படித் தான், மருந்துல அது உயிர்ப் பிரச்சினை.

அதனால புள்ளிக்கு அடையாளம் குடுத்தாங்க, கோட்டுக்கு எடை குடுத்தாங்க. 1975-ல ரண்டிச் ஒரு நம்பர் கொண்டு வந்தார், ஒவ்வொரு கோட்டோட ரெண்டு முனையிலயும் எத்தனை கோடு சேருதுன்னு எண்ணி, பெருக்கி, ஸ்கொயர் ரூட் எடுத்து, அதால 1-ஐ வகுத்து எல்லாத்தையும் கூட்டணும். 2-மெத்தில்பென்டேனுக்கு 2.770, 3-மெத்தில்பென்டேனுக்கு 2.808, அதாவது ஒரே நம்பர்ல உன் ரெண்டு பேரும் சரியான வரிசைல வந்துட்டாங்க. இப்ப நாங்க ஒரு மாலிக்யூலுக்கு இந்த மாதிரி நூத்துக்கணக்குல நம்பர் எடுத்து, எண்ணெய்ல கரையுமா தண்ணில கரையுமான்னு ஆரம்பிச்சு, எந்த புரோட்டீன்ல ஒட்டும்ங்கிற வரைக்கும் கணிக்கப் பாக்கிறோம். எனக்கு இன்னைக்கும் பிடிச்சது அந்தக் கத்தரி வெட்டு தான், ஏன்னா விடை எங்கிருந்து வந்துச்சுன்னு கையால தொட்டுக் காட்டலாம்.

நேரம் கிடைச்சா ஒண்ணு போட்டுப் பாரு: 2,4-டைமெத்தில்பென்டேன், 3-எத்தில்பென்டேன். ரெண்டும் ஏழு கார்பன், அதனால நேர் ஹெப்டேன் 98.4-ல ஆரம்பிக்கணும்.

உட்லண்ட்ஸ்_நிலா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் போட்டேன், அம்மா லைட்டை அணைச்சுட்டாங்க, காலைல எம்ஆர்டி ரயில்ல மீதி. முதல்ல மிச்சமிருந்த ஹெக்ஸேன் ரெண்டையும் முடிச்சேன், 2,2-டைமெத்தில்பியூட்டேனுக்கு 49.7 வந்துச்சு, புக்லயும் 49.7. 2,3-க்கு 57.9, புக்ல 58.0. அண்ணன் குடுத்த ரெண்டுக்கும் வீனர் நம்பர் 48, 48! வெட்டினதுல தப்பு பண்ணிட்டேன்னு திரும்ப வரைஞ்சேன், மறுபடியும் 48 தான். ஆனா மூணு-பாண்ட் ஜோடி ஒண்ணுல 4, இன்னொண்ணுல 6. அதனால 2,4-டைமெத்தில்பென்டேனுக்கு 82.4, 3-எத்தில்பென்டேனுக்கு 93.4. தேடிப் பாத்தா நிஜமான அளவு 80.5, 93.5. ஒண்ணு கிட்டத்தட்ட அப்படியே உக்காருது, இன்னொண்ணு ரெண்டு டிகிரி தள்ளிப் போகுது. தள்ளிப் போறது ஏன்னு தான் இப்ப மண்டைல ஓடிட்டே இருக்கு. அடுத்து எட்டு கார்பன் ஆக்டேனோட 18 ஐசோமரையும் (அதே அணுக்கள், வேற வடிவம்) போடப் போறேன்.

ஈசூன்_டீச்சர்:

போடும்மா. பதினெட்டுல கடைசியா 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேன் வரும், அதுல வீனர் நம்பர் 58, ஜோடி 9, நேர் ஆக்டேன் 125.7-ல இருந்து இறக்கினா 107.9 வரும், நிஜம் 106.5. அதைப் போட்டப்புறம் அதோட மெல்டிங் பாயிண்ட்டையும் தேடிப் பாரு, 100-க்கு மேல இருக்கும். மத்த ஆக்டேன் எல்லாம் நம்ம ஊரு ரூம்ல தண்ணியா நிக்கும்போது இது மட்டும் கட்டியா இருக்கும், உருகி ஆறு டிகிரிக்குள்ள கொதிச்சிடும். உருகுறதுக்கு கட்டில ஒண்ணோட ஒண்ணு எப்படி அடுக்கியிருக்குங்கிறது முக்கியம், நாம வெட்டி எண்ணின கோட்டுல அது இல்ல. சனிக்கிழமை உன் டேபிளை இங்க போடு, ஒண்ணொண்ணா பாப்போம்.