ஸ்விஃப்ட் காரின் பின் டயர்களை மட்டும் 185 அளவுக்கு மாற்றலாமா?

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய 2018 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ காரின் பின் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. நிறுவனம் பொருத்திய அளவு 165/80 ஆர்14 (அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரிம் விட்டம் 14 அங்குலம்). அந்த அளவு இருப்பில் இல்லாததால், பின்பக்கத்துக்கு மட்டும் 185/70 ஆர்14 போட்டுக்கொள்ளலாம் என்று டயர் கடைக்காரர் சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 619.6 மி.மீ., புதியதோ 614.6 மி.மீ.; வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால், சக்கரங்களின் சுழல் வேகத்தை ஒப்பிட்டு இயங்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) குழம்பாது என்றே நினைக்கிறேன். முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் பின்பக்கப் பிடிமானம் கூடுவதும் ஆபத்தானதாகத் தோன்றவில்லை. ஆனால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டும் வழக்கம் இனி இயலாது. ஸ்டெப்னியும் பழைய அளவிலேயே இருக்கும். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்வதால், மழையில் திடீரென பிரேக் பிடிக்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதே என் பெரிய கவலை.

ஐந்து அங்குல அகல ரிம்மில் இந்த டயரைப் பொருத்தி ஓட்டியவர்கள், பின்சக்கர வளைவில் உரசல், மைலேஜ் குறைவு ஏதேனும் கண்டீர்களா? அல்லது பழைய அளவு வரும்வரை காத்திருப்பதே நல்லதா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.